ஜிம்மில் பிபி ஏன் ஏறுது? விடைக்கு வழி போட்ட கார்ல் லுட்விக் யார்?

கனமான டம்பெல்லை இறுக்கிப் பிடித்தால் சில நொடிகளிலேயே பிபி ஏறும். இதயம் வேகமாகத் துடிப்பது மட்டும் காரணம் இல்லை. வேலை செய்யும் தசையிலிருந்து நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குத் தகவல் போகும். நாம் யோசிக்காமலேயே ரத்தக் குழாய்கள் சுருங்கும். இதுதான் அனிச்சைச் செயல். இதையெல்லாம் அளந்து பார்க்க வழி செய்தவர், ஜெர்மனியின் கார்ல் லுட்விக்.

கோடாக மாறிய அழுத்தம்

1816-ல் விட்சன்ஹவுசனில் பிறந்தார் லுட்விக். மார்பர்க்கில் மருத்துவம் படிக்கும்போது அரசியல் ஈடுபாட்டால் வெளியேற வேண்டியதாயிற்று. பிறகு திரும்பி வந்து அங்கேயே பட்டம் வாங்கி, பாடமும் நடத்தினார்.

அப்போது விலங்குகளின் ரத்த அழுத்தத்தைப் பாதரசக் குழாயில் கண்ணால் பார்த்துத்தான் குறிப்பார்கள். நொடிக்கு நொடி மாறுவதை எப்படிக் குறிப்பது? பாதரசத்தின் மேல் மிதவையை விட்டு, அதில் எழுதுகோலைப் பொருத்தி, சுழலும் உருளையில் கோடு போட வைத்தார் லுட்விக். 1847-ல் அவர் வெளியிட்ட இந்தக் கருவிதான் கைமோகிராஃப்.

முயல் காட்டிய பாதை

1866-ல் லைப்சிக் நகரில், எலியாஸ் சியோனுடன் சேர்ந்து முயலின் கழுத்திலுள்ள மெல்லிய நரம்பு ஒன்றை ஆராய்ந்தார். அதை வெட்டி, இதயப் பக்க முனையைத் தூண்டினால் ஒண்ணும் ஆகவில்லை. மூளைப் பக்க முனையைத் தூண்டியதும் அழுத்தம் சரிந்தது. அதாவது, தகவல் மேலே போய், உத்தரவு வேறு வழியில் கீழே வருகிறது.

தசை நரம்புகளின் கதையும் இதே மாதிரிதான். மயக்க மருந்து கொடுத்த விலங்குகளில் அவற்றை லேசாகத் தூண்டினால் அழுத்தம் குறையலாம், பலமாகத் தூண்டினால் கூடும் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின.

பெயர் மாணவருக்கு

சோதனையைத் திட்டமிடுவது, செய்வது, கட்டுரை எழுதுவது எனப் பெரும்பகுதி வேலை லுட்விக்குடையதாக இருக்கும். ஆனாலும் பல கட்டுரைகள் மாணவர் பெயரில் மட்டுமே வெளிவந்தன. பல நாடுகளிலிருந்து வந்து அவரிடம் பயின்றவர்களில் ரஷ்யாவின் பாவ்லோவும் ஒருவர். விலங்குகளை வைத்தே ஆய்வு செய்த இவர், லைப்சிக்கின் விலங்குகள் பாதுகாப்புச் சங்கத்திலும் முக்கியப் பொறுப்பு வகித்தார்.

1895-ல் லுட்விக் மறைந்தார். இன்று அவர் பெயர் பலருக்கும் தெரியாது. ஆனால் ஐசியூ மானிட்டரில் ஓடும் ரத்த அழுத்தக் கோடு, அவர் உருளையில் தொடங்கிய கோட்டின் தொடர்ச்சிதான்.