சீகிரியாச் சுவரைப் படித்த ஆசிரியர்

மாத்தளை மாவட்டத்தின் வடபாற் காட்டிடையே தனித்தெழுந்து நிற்கும் சீகிரியாக் குன்றுக்கு நம் மாணவர் சிலரை அழைத்துச் சென்றிருந்தோம். ஓவியப் பாவையரைக் கண்டு களித்துப் படியிறங்கி, கண்ணாடிச் சுவர் எனப்படும் நெடுஞ்சுவரின் அருகே வந்தபோது, அதன்மேல் நெருங்கிக் கிடக்கும் மெல்லிய கீறல்களைச் சுட்டி, இவற்றையெல்லாம் படித்தறிந்தவர் யார் என்று மாணவர் ஒருவர் வினவினார். பள்ளி ஆசிரியராயிருந்த ஒருவர் என்றோம். அவர் நம்பவில்லை. ஆசிரியராய்ச் சேர்ந்தவர் ஆசிரியராகவே இளைப்பாறுவதன்றோ உலகியல் என்றது அவர் முகக்குறிப்பு.

அம்மாணவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஓர் உத்தியோகத்தில் ஏறி அமர்ந்தால் பென்சன் வரையும் அதனின்று இறங்காதிருப்பதே நம்மிடையே சிறப்பென மதிக்கப்பட்டது. தொழில் மாறுபவனை நிலையில்லாதவன் என்று ஊரார் பேசுவர். பெண் கொடுப்போரும் சற்று யோசிப்பர். இருபது ஆண்டுக்கு மேலாக ஒரே கரும்பலகையின் முன் நிற்கும் நாமும் இவ்வெண்ணத்துக்குப் புறம்பானவரல்லோம்.

ஆயினும் சீகிரியாவை உலகுக்குக் காட்டியவர்களை எண்ணிப் பார்க்கும்போது, அவர்களுட் பலர் வேறு வேலைக்கென வந்தவர்களாயிருத்தல் வியப்பைத் தருகின்றது. 1875 ஆம் ஆண்டிலே தொலைநோக்கியினால் ஓவியங்களைக் கீழிருந்து நோக்கி எழுதிய பிளேக்ஸ்லி என்பவர் பொதுவேலைப் பகுதியைச் சேர்ந்தவர். 1890களிலே இங்குக் காடு வெட்டித் துப்புரவாக்கி ஆராய்ந்த பெல் என்பவர் சிவில் சேவையாளர். சுங்கப் பகுதியிலும் கடமையாற்றியவர். ஓவியத்திலுள்ள மகளிர் வானுலகத்து அரம்பையர் என்று கருத்துரைத்த நம்மவரான ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராயிருந்து கற்களைச் சோதித்தவர். பின்னரே கலையாராய்ச்சியிற் புகுந்து, 1917 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர நூதனசாலையை அடைந்தார். எனினும் ஒரு துறையினின்று மறு துறைக்குச் சென்று, சென்ற துறைதோறும் முன்னைய துறையின் அறிவையும் உடன்கொண்டு போனவர் என்ற வகையில், நாம் அம்மாணவருக்குக் கூறிய கலாநிதி செனரத் பரணவிதான அவர்களின் வாழ்க்கையே நம் மலருக்கு ஏற்றதெனத் துணிந்தோம்.

பரணவிதான 1896 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் காலிப் பகுதியிலுள்ள கிராமமொன்றிற் பிறந்தார். பிரிவேனாவிலே கீழைத்தேய மொழிகளைப் பயின்றார். உடுகம்பொல அரசினர் பாடசாலையில் ஆசிரியராய் அமர்ந்தார். அவ்வளவில் நின்றிருந்தால் அவ்வூர்ப் பிள்ளைகளையன்றி வேறெவரும் அவர் பெயரை அறிந்திருக்கமாட்டார்.

1923 இல், இருபத்தாறு வயதிலே, அவர் தொல்பொருளியற் பகுதியிற் சேர்ந்தார். அக்காலத்து ஆணையாளர் ஹோக்காட் என்னும் ஆங்கிலேயர். அவரும் முன்னர்ப் பீஜித் தீவிலே தலைமையாசிரியராயிருந்தவரென்பதை இங்கே கூறாது விட மனம் ஒப்பவில்லை. தொழிலைத் துறந்து மீண்டும் மாணாக்கனாவது எளிதன்று. நேற்றுவரை பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தியவர் இன்று தம் எழுத்துக்கூட்டலைப் பிறர் திருத்தக் கேட்டு நிற்கவேண்டும். பரணவிதான அதற்கு உடன்பட்டார். பயிற்சிக்காக அவர் அனுப்பப்பட்ட இடம் நீலகிரியிலுள்ள உதகமண்டலம். இந்திய அரசாங்கத்தின் கல்வெட்டு அலுவலகம் அப்போது ஆங்கேதான் இருந்தது. தென்னாட்டுக் கோயில்களிலிருந்து எடுத்த மைப்படிகள் அங்கே குவிந்திருந்தன. ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்துப் பள்ளத்துட் செலுத்தி, மையை ஒற்றி எடுக்கும் கைவேலையும், அவ்வாறு எடுத்த எழுத்தை நூற்றாண்டுவாரியாகப் பிரித்தறியும் கண்வேலையும் கல்வெட்டுப் பயிற்சியின் இரு கூறுகளாம். 1926 இல் அவர் கல்வெட்டு உதவியாளரானார்.

அப்பயிற்சியின் பயன் தமிழுக்கும் கிட்டியது. சீனக் கடற்றளபதி செங் ஹோ கொண்டுவந்ததும், 1409 ஆம் ஆண்டுக்குரியதும், சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழியிற் பொறிக்கப்பெற்றதுமான கல்லொன்று 1911 இற் காலியிற் கண்டெடுக்கப்பட்டது. அதன் தமிழ்ப் பகுதியை 1933 இற் பதிப்பித்தவர் அதே காலிப் பகுதியிற் பிறந்த இச்சிங்களப் பெரியாரே. தேவேந்திரமுனையிற் கோயில்கொண்ட தென்னாவர நாயனாருக்கு அளித்த காணிக்கைகளை அப்பகுதி கூறுகின்றது. அநுராதபுரத்திலே தமிழ் இல்லறத்தாருக்கு உரியதாயிருந்த மேடையொன்றின் பிராமிக் கல்வெட்டையும், வல்லிபுரத்துப் பொன்னேட்டையும் அவர் வாசித்து வெளியிட்டார். அம்மேடையில் நாவிகன் ஒருவனுக்கும் இருக்கை இருந்ததென்பது கடல் வணிகத்தை ஆராய்வோர் மறவாத செய்தி. யாழ்ப்பாண அரசைப் பற்றிப் பிற்காலத்தில் அவர் எழுதியவை நம்மவர் பலருக்கு உடன்பாடல்ல. அதனால் இவற்றை மறைத்தல் நேர்மையாகாது.

1932 இல் பதில் ஆணையாளராய்ப் பணிபுரிந்தார். ஒல்லாந்திலுள்ள லைடன் பல்கலைக்கழகம் 1936 இல் அவருக்குக் கலாநிதிப் பட்டம் அளித்தது. 1940 இல் ஆணையாளர் பதவியை ஏற்றார். தொல்பொருட் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டிலேயாகும். கல்லெழுத்தைப் படித்தவர் இப்போது கோவை படிக்கலானார். காணி வழக்கு, காவலாளர் சம்பளம், இடிந்த தாகபத்துக்குச் செங்கல், அமைச்சருக்கு அறிக்கை என்றிவ்வாறு நிருவாகம் வளர்ந்துகொண்டே போகும். மேலதிகாரியானபின் தம் பழைய கலையைக் கைவிட்டோர் பலரை எல்லாப் பகுதிகளிலும் காண்கிறோம். பரணவிதான கைவிடவில்லை. பதினாறு ஆண்டு ஆணையாளராயிருந்த அக்காலத்திலேயே சீகிரியாவின் மேற்குப் புறத்து நீர்ப் பூங்காக்களை அகழ்வித்தார். சுவரின் கீறல்களையும் வாசித்தார்.

அக்கீறல்கள் அரசனின் ஆணையுமல்ல, கோயில் சாசனமுமல்ல. காசியப்ப மன்னன் ஆண்ட காலம் 477 முதல் 495 வரை. அவனுக்குப் பின் பல நூற்றாண்டு கழித்து, பெரும்பாலும் எட்டாம் நூற்றாண்டு முதற் பத்தாம் நூற்றாண்டு வரை, குன்றைக் காணவந்தோர் தம் மனத்திற் தோன்றியதைச் செய்யுளாக்கிச் சுண்ணச் சாந்தின்மேற் கூரிய கருவியாற் கீறிச் சென்றனர். ஒருவர் எழுதியதன்மேல் மற்றொருவர் எழுதினார். துறவியர், பெண்டிர், அரச சேவையாளர் எனப் பலதரத்தாரும் அவருள் அடங்குவர். கல்வெட்டுப் பயிற்சி மட்டும் உள்ளவர் எழுத்தை இனங்காண்பார். ஆயின் செய்யுளென்று உணரார். மொழிப்பயிற்சி மட்டும் உள்ளவர்க்கு எழுத்தே புலப்படாது. கண், காது இரண்டும் வேண்டிய அவ்வேலையிலே பிரிவேனாவில் கற்ற இலக்கணமும் உதகமண்டலத்திற் கற்ற எழுத்தும் ஒருங்கே உதவின. 685 செய்யுள்களைக் கொண்ட அவரது பதிப்பு 1956 இல் இரு பெருந் தொகுதிகளாக ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகத்தின் வாயிலாக வெளிவந்தது. அக்காலத்துச் சிங்கள இலக்கிய நூல்கள் அரிதாதலின், அம்மொழியின் பழைய இலக்கணத்தை அறிவதற்கு இச்சுவரே பெருந்துணையாயிற்று.

அதே 1956 இல் இளைப்பாறி, அடுத்த ஆண்டிற் பல்கலைக்கழகத்திலே தொல்பொருளியற் பேராசிரியரானார். உடுகம்பொலையில் விட்ட சுண்ணக்கட்டியைப் பேராதனையில் மீண்டும் எடுத்தார் எனலாம். பல்கலைக்கழகம் வெளியிட்ட இலங்கை வரலாற்றின் முதற் பகுதியிலே அவர் எழுதிய அதிகாரங்கள் பல.

இனிக் கூறப்போவது அவரை மதிப்போர்க்கு வருத்தந் தருவது. முன்னர்ப் பலரும் படித்த கல்வெட்டுக்களின் வரிகளுக்கிடையே நுண்ணிய எழுத்துக்களிற் பதினைந்தாம் நூற்றாண்டு வடமொழி வரலாறுகள் பொறிக்கப்பட்டுள்ளன என்று அவர் கூறலானார். அவற்றைக்கொண்டு இலங்கைக்கும் மலாய் நாட்டுக்கும் உள்ள தொடர்பை 1966 இலும், சீகிரியாவின் கதையை 1972 இலும் நூல்களாக வெளியிட்டார். பிறர் சென்று நோக்கியபோது அக்கற்களில் அவ்வெழுத்துக்கள் புலப்படவில்லை. வரலாற்றாசிரியர் குணவர்த்தன 1967 ஆம் ஆண்டிலேயே இதனை மறுத்தெழுதினார். முதுபெரும் அறிஞர் ஒருவரை இளையவர் மறுப்பது அக்காலத்திற் சிறு காரியமன்று. ஒரு வாழ்நாள் முழுதும் பிறர் காணாத எழுத்தைக் கண்டவருக்கு, இல்லாத எழுத்தும் தோன்றத் தொடங்கியதோ என்று எண்ணுகிறோம். ஆசிரியர், வாசிப்பாளர், அகழ்வாளர், நிருவாகி, பேராசிரியர் என்று மாறிய ஒவ்வொரு படியிலும் அவரைச் சோதிக்க ஒருவர் இருந்தார். கதைகூறுவோராக அவர் எடுத்துவைத்த கடைசி அடிக்கோ அத்தகைய மேற்பார்வை இருக்கவில்லை. இது நம் கருத்து மட்டுமே.

1972 ஒக்டோபர் 4 ஆம் நாள் அவர் மறைந்தார். வரிகளுக்கிடைப்பட்ட எழுத்தைப் பற்றிய நூல்களை இன்று வரலாற்றறிஞர் ஆதாரமாகக் கொள்வதில்லை. சுவரைப் பற்றிய பதிப்பையோ எவரும் விலக்கவில்லை.

சுவரருகே அன்று நாம் மாணவருக்குச் சில செய்யுள்களின் பொருளைக் கூறினோம். ஆயிரம் ஆண்டுக்கு முன் மலையேறிக் களைத்தவர்கள் பாவையர் பேசாமை கண்டு வருந்தியதைக் கேட்டு அவர்கள் சிரித்தனர். வினவிய மாணவர் மட்டும் சிரிக்காமல், உடுகம்பொலை எந்தப் பக்கம் என்று கேட்டார். கீழே பேருந்துச் சாரதி ஒலியெழுப்பி அழைத்துக்கொண்டிருந்தார்.