ஆசிரியர் லூயி பெர்கோ

பிரான்சு நாட்டின் கிழக்கே, சுவிட்சர்லாந்தை அடுத்துள்ள மலைநாட்டில், பெல்மோன் என்னும் சிற்றூர் உளது. அவ்வூர்ப் பள்ளி ஆசிரியரின் மைந்தராக லூயி பெர்கோ 1882ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 22ஆம் நாள் பிறந்தார். உழவர் வீட்டுச் சிறுவரோடு காடும் மேடும் சுற்றி வளர்ந்தமையால், நரியின் தடமும் பறவையின் கூடும் அவருக்கு இளமையிலேயே நன்கு பழகியிருந்தன. 1898இல் பெசான்சோன் நகரத்து ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிற் சேர்ந்தார். பயிற்சி முடியுமுன்னரே தாயும் தந்தையும் அடுத்தடுத்து இறந்தனர்.

1901இல் துர்ன் என்னும் ஊரிலும், 1905இல் லாந்த்ரெஸ் என்னும் ஊரிலும் அவர் ஆசிரியராக அமர்ந்தார். அரசுப் பள்ளிக்கும் திருச்சபைக்கும் பூசல் முற்றியிருந்த காலம் அது. தம் கொள்கையை மறைத்து வாழ அறியாத பெர்கோவை ஊராரில் ஒரு சாரார் வெறுத்தனர். 1907இல் அவர் பாரிசு சென்றார். எழுத்தர் வேலை பார்த்தும், மீண்டும் ஆசிரியப் பணி ஏற்றும், எஞ்சிய பொழுதில் எழுதினார். காட்டு விலங்குகளைப் பற்றிய அவருடைய கதைத் தொகுதி 1910இல் கோன்கூர் பரிசு பெற்றது.

அவர் புகழை நிலைநிறுத்திய நூல் 1912இல் வெளிவந்த 'பொத்தான் போர்'. அண்டை ஊர்கள் இரண்டின் சிறுவர் பள்ளி விட்டதும் கல்லும் கோலும் ஏந்திப் பொருதுகின்றனர். சிறைப்பட்டவனுடைய சட்டைப் பொத்தான்களையெல்லாம் வென்றவர் அறுத்துக்கொள்வர். அவன் கால்சட்டையைக் கையாற் பிடித்தவாறு வீடு சேர்ந்து அடி வாங்குவான். அதற்கஞ்சி ஒருநாள் படை முழுவதும் ஆடையின்றியே களம் புகுகின்றது! பின்னர்க் காசு திரட்டிப் பொத்தான் வாங்கிச் சேமிக்கின்றனர். ஏசற்சொற்கள் மலிந்த நூலே. ஆயினும் வகுப்பறைக்கு வெளியே மாணவர் பேசுவதைச் செவிமடுத்த ஆசிரியரன்றிப் பிறர் அதனை எழுதியிருத்தல் அரிது.

ஈராண்டு கழிந்தது. 1914 ஆகத்தில் முதல் உலகப் போர் மூண்டது. போரை வெறுத்தவராயினும் பெர்கோ அழைப்பை ஏற்று, 166ஆம் காலாட்படைப் பிரிவிற் சார்சண்டாகச் சேர்ந்தார். வெர்தன் நகருக்குக் கிழக்கே, சேறு நிறைந்த பதுங்குகுழிகளில் அக்குளிர்காலம் கழிந்தது. அங்கும் அவர் நாட்குறிப்பு எழுதுவதை விடவில்லை. முள்வேலி அறுபடாதிருக்கவே வீரரை முன்னேறச் செய்து மாள்வித்த தலைவர்களை அதிற் கடிந்திருக்கின்றார். அக்குறிப்புகள் 2011இல் நூலாயின.

1915 மார்ச்சுத் திங்களில் அவர் துணை லெப்டினன்டாக உயர்ந்தார். ஏப்பிரல் 7ஆம் நாள் கழிந்த நள்ளிரவில், மார்ஷேவில் என்னும் ஊரருகே இருந்த குன்றினைத் தாக்குமாறு கட்டளை பிறந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. இருளில் தம் வீரரை நடத்திச் சென்ற பெர்கோ பகைவரின் முள்வேலியருகே காயமுற்று வீழ்ந்தார். எஞ்சியோர் பின்வாங்கினர். செருமானியர் அவரை எடுத்துச் சென்று தம் மருத்துவ நிலையத்திற் சேர்த்தனர் என்றும், விடிந்தபின் பிரெஞ்சுப் பீரங்கிக் குண்டுகளே அந்நிலையத்தை அழித்தன என்றும் கூறுவர். அவருக்கு வயது முப்பத்துமூன்று.

அவர் உடல் கிடைக்கவேயில்லை. 1921ஆம் ஆண்டில் நீதிமன்றம், 1915 ஏப்பிரல் 8ஆம் நாளே அவர் இறந்த நாளெனத் தீர்ப்பளித்தது.