பொம்மை தந்தவர் மாதர் துயரும் துடைத்தார்

மயூர் விஹார் கடைகளில் பெண் குழந்தைகள் அடம் பிடித்துக் கேட்கும் பொம்மைகளில் ஒன்று பார்பி. அதைத் தோற்றுவித்த ரூத் ஹாண்ட்லர் அம்மையார், மார்பக அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கு ஆற்றிய பணி நம்மில் பலர் அறியாதது.

அமெரிக்காவின் டென்வர் நகரில், போலந்திலிருந்து குடியேறிய யூதக் கொல்லர் ஒருவரின் பத்தாவது குழந்தையாக 1916 நவம்பர் 4ந் தேதி ரூத் பிறந்தார். 1938ல் எலியட் ஹாண்ட்லரை மணந்தார். 1945ல் தம்பதிகள் நண்பர் ஹரால்ட் மாட்சனுடன் கூட்டுச் சேர்ந்து, மோட்டார் கொட்டகையில் படச்சட்டம் செய்யத் தொடங்கினர். அதுவே மாட்டெல் என்னும் பெரும் பொம்மைக் கம்பெனியாக வளர்ந்தது. மகள் பார்பராவின் பெயரால் 1959ல் பார்பி பிறந்தது. வளர்ந்த பெண்ணின் உருவில் பொம்மையா என்று தயங்கியவர்களுக்கு விற்பனையே பதில் சொல்லிற்று.

1970ல் விதி வேறு விதமாக விளையாடியது. புற்றுநோயால் அவரது ஒரு மார்பகம் அகற்றப்பட்டது. கடைகளில் கிடைத்த செயற்கை மார்பகங்கள் வடிவமற்ற உருண்டைகளாக இருந்தன. இடது, வலது என்ற வேறுபாடுகூட இல்லை. செருப்புக்கு உள்ள கவனிப்பு பெண்ணின் உடலுக்கு இல்லையே என்று அம்மையார் மனம் வெதும்பினார்.

1975ல் கணக்கு விவகாரங்களால் மாட்டெலை விட்டு விலக நேர்ந்தது. எனினும் அவர் முடங்கிவிடவில்லை. செயற்கை உறுப்புகள் செய்வதில் வல்லவரான பெய்ட்டன் மாசியின் துணையோடு, 1976ல் ‘நியர்லி மீ’ என்ற பெயரில் செயற்கை மார்பகங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார். உள்ளே திரவ சிலிக்கோன், அதன் மேல் பாலியூரித்தேன் உறை, உடலோடு பொருந்த நுரைப்பொருளாலான அடிப்புறம். இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி அளவுகள். ஒரு பக்கம் பாரம் குறைந்தால் தோளும் முதுகும் வலிக்கும் என்பதால், எடை இயற்கையை ஒத்திருப்பது அவசியம். ஊர் ஊராகச் சென்று கடைகளில் தாமே பெண்களுக்கு அளவெடுத்துப் பொருத்தினார். 1974ல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அதிபர் மனைவி பெட்டி போர்டும் அவரிடம் பயன் பெற்றவரே.

1978ல் மாட்டெல் கணக்குகள் தொடர்பான வழக்கை எதிர்த்து வாதாடாமல், 57,000 டாலர் அபராதத்தையும் 2,500 மணி நேரச் சமூகப் பணியையும் ஏற்றார். அவரது வாழ்வில் இதுவும் மறைக்க முடியாத பக்கம்தான். 1991ல் இத்தொழிலை விற்ற அவர், 2002 ஏப்ரல் 27ல் தமது 85ஆம் வயதில் காலமானார்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை கண்டார். உயிர் காப்பது ஒரு தொண்டு. காத்த உயிர் கூச்சமின்றித் தலைநிமிர்ந்து நடமாட உதவுவது மற்றொன்று. ரவிக்கைக்குள் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு, வீட்டாரிடமும் சொல்லாமல் வலியைச் சகிக்கும் தாய்மார்கள் இன்றும் உண்டு. இன்று சிலிக்கோனிலும், இலேசான பருத்தி நூல் பின்னலிலும் செயற்கை மார்பகங்கள் கிடைக்கின்றன; அவற்றை வைப்பதற்குப் பை தைத்த உள்ளாடைகளும் உள்ளன. சிகிச்சை அளித்த டாக்டரிடமோ நர்ஸிடமோ இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.