எண்ணெய்க்கு முன்னாடியே கரண்ட்: ஷேக் ராஷித் விட்டுப்போன பாடம்

ஆகஸ்ட் மாசத்துல எட்டுப் பேர் தங்கும் ரூமில் ஏசி நின்றால் என்ன ஆகும் என்று தேராவில் இருக்கிற நம்ம ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இங்கே கரண்ட் போவது அபூர்வம். எல்லாம் எண்ணெய்க் காசு என்பார்கள். எனக்கு அது பாதிப் பதிலாகத்தான் படுகிறது. மீதி, ஷேக் ராஷித் பின் சயீத் அல் மக்தூமின் வாழ்க்கையில் இருக்கிறது.

1912ல் பிறந்தவர். அவர் இளைஞராக இருந்தபோது ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்து, வளைகுடாவின் முத்துக்குளிப்பையே சாய்த்துவிட்டது. அந்தக் கஷ்ட காலத்திலேயே தந்தைக்குத் துணையாக நிர்வாகம் பார்த்தார். 1958ல் ஆட்சிக்கு வந்தார். அடுத்த வருஷமே மின்சார நிறுவனத்தையும் குடிநீர்த் துறையையும் தொடங்கினார். துபாயில் எண்ணெய் கிடைத்ததோ 1966ல்தான். மண் தூர்ந்துபோன கிரீக்கை ஆழப்படுத்தியது குவைத்திடம் வாங்கிய கடனில். பிறகு மக்தூம் பாலம், ராஷித் துறைமுகம், ஜெபல் அலி. 1990 அக்டோபரில் காலமானார். அவர் தொடங்கிய இரண்டு அமைப்புகளும் 1992ல் இணைந்ததுதான் இன்று நாம் பில் கட்டும் தீவா.

ஜெபல் அலியில் உற்பத்தியாகும் மின்சாரம் 400 கிலோவோல்ட், 132 கிலோவோல்ட் லைன்களில் ஊருக்கு வருகிறது. அங்கிருந்து 11 கிலோவோல்ட்டாக இறங்கித் தெருவுக்குள் நுழைகிறது. தெரு லைனைப் பார்ப்பவர், எவ்வளவு தேவை, எந்த டிரான்ஸ்ஃபார்மர் பழுது பார்க்க நிற்கிறது என்று பெரிய லைனைப் பார்ப்பவருக்கு முன்கூட்டியே சொல்லணும். துபாயில் இரண்டும் ஒரே கூரையின் கீழ்.

நம்ம ஊரில் 1957ல் உருவான மின்வாரியம், 2010ல் மின் தொடரமைப்புக்கு ஒரு கழகம், உற்பத்திக்கும் பகிர்மானத்துக்கும் இன்னொரு கழகம் என்று பிரிந்தது. பிரித்ததைத் தப்பு என்று சொல்லமாட்டேன். அபுதாபியிலும் தனித்தனி கம்பெனிகள்தான். பேச்சுவார்த்தை அறுந்துபோவதுதான் ஆபத்து. 2012 ஜூலையில் வட இந்தியா இருண்டதற்கு ஒரு முக்கியக் காரணம், சில மாநிலங்கள் தங்கள் பங்குக்கு மேல் மின்சாரம் இழுத்ததும், குறைக்கச் சொன்ன கட்டுப்பாட்டு மையத்தின் பேச்சைக் கேட்காததும்தான்.

இப்போது மொட்டைமாடி சோலார் வேறு வந்துவிட்டது. தெரு லைனிலிருந்தே மின்சாரம் திரும்பி வருகிறது. வெயில் ஏறும்போது எவ்வளவு வரும், பொழுது சாய்ந்ததும் எவ்வளவு குறையும் என்று இரண்டு தரப்பும் அன்றன்றைக்குக் கணக்கு ஒப்பிட்டே ஆகணும்.

இங்கே வளர்ந்து எலக்ட்ரிக்கல் படிக்கிற நம்ம பிள்ளைகளுக்கு இதில் வேலை நிறைய இருக்கு. ராஷித் கையில் காசு வரும்வரை காத்திருக்கவில்லை. தேவை வருவதற்கு முன்னாடியே ஏற்பாட்டைச் செய்தார். காற்றாலையும் சோலாரும் குவிந்திருக்கும் தமிழ்நாட்டுக்கும் அந்த முன்யோசனைதான் இப்போ அவசரமாக வேணும்.