பாதிப் பெயரும் முழு வம்சமும்

பேத்தியின் பள்ளிக்கூடப் படிவத்தில் 'சர்நேம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று வீட்டில் பெரிய விவாதம். நமக்கு ஏது சர்நேம்? தகப்பனார் பெயரின் முதலெழுத்துதானே! அன்றுதான் வம்சாவளி எழுத உட்கார்ந்தேன். வழிகாட்டியாக ஸர் சி.வி. ராமனின் குடும்பத்தை எடுத்துக்கொண்டேன்.

1888 நவம்பர் 7 அன்று திருவானைக்காவலில் பிறந்த குழந்தைக்கு இட்ட பெயர் வேங்கடராமன். அது இரண்டாகப் பிரிந்து 'வி' இனிஷியலாயிற்று. மிச்சமிருந்த 'ராமன்' உலகத்துக்குச் சர்நேமாயிற்று. 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் கண்ட ஒளி விளைவுக்கும் அந்தப் பாதிப் பெயர்தான்.

'சி' என்பது தகப்பனார் சந்திரசேகர ஐயர். விசாகப்பட்டினத்தில் கல்லூரி வாத்தியார். ராமனின் தமையனார் சுப்பிரமணிய ஐயருக்கு 1910-ல் லாகூரில் ஆண் குழந்தை பிறந்தது. நம் வழக்கப்படி தாத்தா பெயரையே வைத்தார்கள். அவர்தான் 1983-ல் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர். 1999-ல் விண்ணில் ஏவிய 'சந்திரா' தொலைநோக்கியும் அவர் பெயரில்தான். ஆக, விசாகப்பட்டினத்து வாத்தியாரின் பெயர் ஆகாயத்தில் சுற்றுகிறது!

இதெல்லாம் தகப்பன் வழி. தாயார் பார்வதி அம்மாளின் தகப்பனார் ஸப்தரிஷி சாஸ்திரிகள். நவ்ய நியாயம் படிக்க வங்காளத்துக்கு நடந்தே போனவர் என்று சொல்வார்கள். 1907-ல், நிதித் துறைப் பரீட்சையில் முதலாவதாகத் தேறி, பேரனும் அதே வங்காளத்துக்குப் போனார், பத்தொன்பது வயது நிரம்புவதற்குள். பகலில் அரசாங்கக் கணக்கு. மற்ற நேரமெல்லாம் பௌபஜார் தெரு 210-ஆம் எண் ஆராய்ச்சிக் கூடம். பத்து வருஷம் இப்படி. 1917-ல் சம்பளம் குறைந்தாலும் சரி என்று உத்தியோகத்தை விட்டுப் பேராசிரியரானார். 1930-ல் நோபல், 1933-ல் பெங்களூர், 1970 நவம்பர் 21-ல் அங்கேயே முடிவு.

எந்த இனிஷியலிலும் ஸப்தரிஷி சாஸ்திரிகள் இல்லை. ஆனால் படிப்புக்காக ஊரைவிட்டுப் போகும் துணிச்சல் அவர் வழியாக வந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

என் நோட்டைப் புரட்டினேன். ஏழு தலைமுறை ஆண்கள். கோத்திரம், ஸூத்திரம் எல்லாம் அழகாக இருந்தன. பாட்டிகள் வெறும் 'பத்னி'. தாயார் வழிக்கென்று பக்கத்தில் ஒரு பத்தி கோடு போட்டேன். தொண்ணூறு வயது அத்தையிடம் கேட்டதில் இதுவரை மூன்று பெயர்கள் கிடைத்திருக்கின்றன.