சரபோஜி மஹாராஜாவின் கண் தொண்டு

ராஜ்யத்தை இழந்த அரசனுக்குச் செய்வதற்கென்று என்ன மிஞ்சும்? தஞ்சை இரண்டாம் சரபோஜி மஹாராஜாவின் ஜீவிதமே இதற்கு விடை பகர்கின்றது.

1777-ம் வருஷத்தில் பிறந்த சரபோஜியைத் துளஜா மஹாராஜா ஸ்வீகாரம் செய்துகொண்டார். துளஜா காலமானபின் அமரசிங்கர் சிங்காதனம் ஏறினார். ஆதரவற்ற சிறுவருக்குச் சுவார்ட்ஸ் பாதிரியார் காவலராயும் ஆசானாயும் நின்றார். 1798-ம் வருஷத்தில் சரபோஜிக்குப் பட்டம் கிடைத்தது. மறுவருஷமே ராஜ்யபாரம் கும்பினியார் வசமாயிற்று. தஞ்சைக் கோட்டையும், அதன் சுற்றுப்புறமும், மானியமுமே அவருக்கு எஞ்சின. 1749-ம் வருஷத்தில் நமது கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையினின்று சென்ற ஆங்கிலப் படை கொள்ளிட முகத்துவாரத்துத் தேவிகோட்டையைக் கைப்பற்றியது. அன்று ஊன்றிய கால் ஐம்பது வருஷத்தில் தஞ்சை அரண்மனையை எட்டிவிட்டது.

வேறொருவராயின் போகத்தில் மூழ்கியிருப்பர். சரபோஜியோ சரஸ்வதி மஹாலில் ஏடுகளையும் நூல்களையும் திரட்டினார், அச்சுக்கூடம் நிறுவினார், தன்வந்தரி மஹாலில் நம்மவர் வைத்தியத்தையும் மேனாட்டு வைத்தியத்தையும் ஒருங்கே ஆராயச் செய்தார். அவர் காலத்துக் கண் சிகிச்சைக் குறிப்புக்கள், நோயாளிகளின் கண்களைத் தீட்டிய சித்திரங்களோடு, சரஸ்வதி மஹாலில் உள்ளன. அக்குறிப்புக்களில் கண்புரை நோயாளிகளும் உளர்.

அக்காலச் சிகிச்சையில் மங்கிப்போன வில்லையைப் பார்வையின் வழியினின்று அகற்றுவார்கள். அதனிடத்தில் வேறொன்று வைக்கும் வித்தை அன்றில்லை. கண்ணின் குவிக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு அவ்வில்லையினுடையது. அது நீங்கியபின் வெளிச்சம் உட்புகும், உருவம் தெளியாது. எதிரில் ஒருவர் நிற்பது தெரியும். மகனா அயலானா என்பது தெரியாது. சுமார் பத்து டயாப்டர் சக்தியுள்ள தடித்த மூக்குக்கண்ணாடி அணிந்தாலோ, பொருள்கள் காற்பங்கு பெருத்துத் தோன்றும். படியின் தூரம் பிசகும். பக்கத்தில் வருவது மறையும். 1949-ம் வருஷத்தில் லண்டனில் ஹரால்டு ரிட்லி என்னும் வைத்தியர் கண்ணினுள் செயற்கை வில்லையைப் பொருத்திய பின்னரே இக்குறை நீங்க வழி பிறந்தது.

ஆகவே, புரையை நீக்கியதோடு வைத்தியன் கடமை தீர்ந்துவிடாது. பெயர் தெரியாத ஏழையின் கண்ணையும் பொருட்படுத்திக் குறித்தும் வரைந்தும் வைத்த அந்தச் சிரத்தையே சரபோஜியின் பெருமை. அவர் 1832-ம் வருஷத்தில் காலமானார். 1855-ம் வருஷத்தில் ஆண் வாரிசின்றி அவர் குமாரர் சிவாஜி மறையவே, கும்பினியார் அரச பட்டத்தையும் ஒழித்தனர். ஏடுகளை மட்டும் ஒழிக்க எவராலும் இயலவில்லை.

தேசத் தொண்டர்களுக்கு நாம் ஒன்று சொல்லுவோம். செயற்கை வில்லை பரவுமுன் சிகிச்சை பெற்ற முதியோர் இன்றும் சிலர் இருக்கக்கூடும். குடிகாட்டிலாயினும் சிதம்பரத்திலாயினும், அத்தகையோர் ஒருவரின் கண்ணாடி உடைந்தால் அவர் மீண்டும் குருடராகிறார். கைப்பிடித்து வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். செயற்கை வில்லை பொருத்த இயலுமா என்று கேளுங்கள். இயலாதெனில் புதுக் கண்ணாடியாவது வாங்கிக் கொடுங்கள். இதற்கு அதிகாரம் வேண்டியதில்லை. அதிகாரம் அனைத்தையும் இழந்தபின்னரே சரபோஜி தம் தொண்டைச் செய்தார்.