பலூனில் ஏறி காஸ்மிக் கதிரைக் கண்டுபிடித்த விக்டர் ஹெஸ்: 109 ஆண்டுகள் கழித்து கிடைத்த துப்பு

1912 ஆகஸ்ட் 7, காலை நேரம். இன்றைய செக் குடியரசில் உள்ள ஊஸ்தி நகரிலிருந்து ஹைட்ரஜன் பலூன் ஒன்று கிளம்பியது. அதில் இருந்த மூன்று பேரில் ஒருவர், ஆஸ்திரியாவைச் சேர்ந்த 29 வயது இயற்பியலாளர் விக்டர் ஹெஸ். கூடவே மூன்று எலக்ட்ரோமீட்டர்கள்.

எதற்கு இந்த வம்பு? அன்றைய விஞ்ஞானிகளுக்கு ஒரு குடைச்சல் இருந்தது. நன்றாக மூடி வைத்த கருவியில்கூட மின்னூட்டம் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. மண்ணில் இருக்கும் கதிரியக்கம்தான் காரணம் என்று பலரும் நம்பினார்கள். அப்படியென்றால் மேலே போகப் போகக் கதிர் குறைய வேண்டுமே? 1910-ல் தியோடர் வுல்ஃப் என்ற பாதிரியார் ஈஃபிள் கோபுரத்தில் ஏறி அளந்து பார்த்தார். எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை.

ஹெஸ் இதை விடுவதாக இல்லை. 1912 ஏப்ரலில் சூரிய கிரகணத்தின்போதே பறந்தார். சூரியனை நிலா மறைத்த நேரத்திலும் கதிர் குறையவில்லை. சரி, சூரியன் காரணமில்லை. ஆகஸ்டில் 5,000 மீட்டரைத் தாண்டினார். மூச்சு விடவே ஆக்சிஜன் தேவைப்படும் உயரம் அது. அங்கே கதிரின் அளவு தரையில் இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல்! அதாவது, கதிர் வருவது வானத்திலிருந்து.

எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. அமெரிக்காவின் ராபர்ட் மில்லிகன் முதலில் சந்தேகப்பட்டார். பிறகு அவரே சோதித்துப் பார்த்து காஸ்மிக் கதிர் என்று பெயரும் வைத்தார். ஹெஸ்ஸுக்கு நோபல் கிடைக்க 1936 வரை ஆனது, அதுவும் கார்ல் ஆண்டர்சனோடு பகிர்ந்து. இரண்டே வருடத்தில் ஆஸ்திரியா நாஜிகள் கைக்குப் போனது. மனைவி யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நோபல் வாங்கியவருக்கே வேலை போனது. இருவரும் அமெரிக்கா போனார்கள். நியூயார்க்கின் ஃபோர்டம் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஹெஸ், 1964-ல் இறந்தார்.

வானத்தில் எங்கிருந்து என்ற கேள்வி மட்டும் பாக்கி நின்றது. காஸ்மிக் கதிர்கள் பெரும்பாலும் புரோட்டான்கள். மின்னூட்டம் இருப்பதால் பால்வெளியின் காந்தப்புலங்கள் அவற்றை வளைத்து வளைத்து அனுப்புகின்றன. பூமிக்கு வந்து சேரும்போது கிளம்பிய திசையே தெரியாது. ஆனால் அந்தப் புரோட்டான்கள் பிறந்த இடத்திலேயே வாயுவில் மோதினால் காமா கதிர் உண்டாகும். அது வளையாது, நேராக வரும். அதனால்தான் பால்வெளிக்குள் திடீரென எழும் காமா வெடிப்புகளை விஞ்ஞானிகள் தேடுகிறார்கள். எப்போது எழும் என்று யாருக்கும் தெரியாது, சில நாட்களிலேயே மங்கியும் விடும் என்பதுதான் சிக்கல்.

நமீபியாவின் மலைப்பகுதியில் இதற்காக ஐந்து தொலைநோக்கிகள் நிற்கின்றன. அவற்றின் பெயரும் ஹெஸ்தான்! 2021 ஆகஸ்ட் 8, அதாவது அந்த பலூன் பயணத்தின் 109-வது ஆண்டு முடிந்த மறுநாள், ஆர்.எஸ். ஒஃபியூக்கி என்ற நோவா வெடித்தது. செம்பெருமீனிடமிருந்து வாயுவை உறிஞ்சும் ஒரு வெண்குள்ளன் அது. 2006-லும் இப்படித்தான் வெடித்தது. மறுநாளே தொலைநோக்கிகளை அந்தப் பக்கம் திருப்பினார்கள். ஒரு நோவாவிலிருந்து இவ்வளவு உயர் ஆற்றல் காமா கதிர் பதிவானது அதுவே முதல் முறை. குறைந்த ஆற்றல் கதிர்களை விண்வெளியிலிருந்து பார்த்த ஃபெர்மி தொலைநோக்கியில் உச்சம் முதலில் வந்தது. நமீபியாவில் அது சுமார் இரண்டு நாள் தள்ளி வந்தது. வெடிப்பின் அதிர்வலை துகள்களை முடுக்கி அந்த வேகத்துக்குக் கொண்டுவர எடுத்துக்கொண்ட அவகாசம்தான் அந்த இரண்டு நாள்.